வைஃபைக்கான எல்டிபிசி டிகோடர்: குறைந்த மின்செலவில் சிப்பில் கட்டுவது எப்படி

பிழைதிருத்தும் டிகோடரில் மின்சாரத்தைத் தின்பது கணக்குச் சுற்றுகள் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் கூட்டலும் ஒப்பீடும் எடுப்பது சிறிய பங்கு. பெரும்பங்கு போவது மெமரியைப் படித்து எழுதுவதிலும், அகலமான தரவைச் சுழற்றுவதிலும், ஓட்டியிருக்கவே வேண்டாத சுற்றுகளை ஓட்டுவதிலும்தான். ஆகவே மின்செலவின் பெரும்பகுதி வெரிலாக்கில் (வன்பொருளை விவரிக்கும் மொழி) முதல் வரி எழுதும் முன்பே, பிட் அகலத்தையும் வேலை வரிசையையும் முடிவு செய்யும் இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. சிந்தெசிஸ் கருவி அதன் பிறகு மிச்சத்தைத்தான் குறைக்கும்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரே குறியீட்டை எடுத்துக்கொள்வோம்: 802.11என் வைஃபையின் 1944 பிட் எல்டிபிசி (கூடவே அனுப்பும் சமநிலை பிட்களால் பிழையைத் திருத்தும் குறியீடு). டிஜிட்டல் டிசைன் தெரிந்தவர்களுக்கும், எல்டிபிசி டிகோடிங்கை ஒருமுறையாவது படித்தவர்களுக்கும் இது.

குறியீட்டின் எண்கள்

குறியீட்டின் சமநிலை நிபந்தனைகளை வரிசைகளாகச் சொல்லும் அணியில் 24 பத்திகள். ஒவ்வொரு பத்தியும் 81 பிட் கொண்ட ஒரு தொகுதி. விகிதம் (தகவல் பிட்களின் பங்கு) 1/2 என்றால் தொகுதி வரிசைகள் 12. விகிதம் 5/6 என்றால் 4. அணியின் ஒவ்வொரு கட்டமும் காலியாக இருக்கும், இல்லையென்றால் சுழற்றப்பட்ட ஓர் 81×81 அலகு அணியாக இருக்கும். காலியில்லாத கட்டங்கள் விகிதம் 1/2-இல் 86, விகிதம் 5/6-இல் 79. ஒரு வரிசையில் 1/2-க்கு 7 அல்லது 8 கட்டங்கள், 5/6-க்கு 19 அல்லது 20. தொகுதி அளவு 27, 54 கொண்ட குட்டிக் குறியீடுகளும் (648, 1296 பிட்) அதே வன்பொருளில் ஓட வேண்டும்.

மொத்தக் குறியீட்டையும் ஒரே வீச்சில், ஒவ்வொரு நோடுக்கும் (ஒவ்வொரு பிட்டுக்கும், ஒவ்வொரு நிபந்தனைக்கும்) தனிச் சுற்று வைத்துக் கட்டலாம். 2002-இல் பிளாங்க்ஸ்பியும் ஹௌலண்டும் 0.16 மைக்ரானில் 1024 பிட் டிகோடரை அப்படித்தான் கட்டினார்கள். விநாடிக்கு 1 கிகாபிட், 690 மில்லிவாட். அதாவது ஒரு பிட்டுக்கு 690 பிக்கோஜூல். மெமரி படிப்பே இல்லாத அழகான அமைப்பு. ஆனால் வயர் நெரிசலில் பரப்பு 52.5 சதுர மில்லிமீட்டருக்குப் போனது, ஒரு குறியீட்டைத் தவிர வேறு எதுவும் அதில் ஓடாது. பல விகிதம், பல நீளம் வேண்டிய வைஃபைக்கு அது ஒத்துவராது. இங்கே எடுத்துக்கொள்வது கட்டத்துக்கு ஒரு கிளாக் என்று லேயர் லேயராக (ஒரு தொகுதி வரிசை ஒரு லேயர்) ஓடும் அமைப்பு: நிபந்தனைக்கு ஒன்றாக 81 செக் நோட் சுற்றுகள், தரவைச் சுழற்ற ஒரே ஒரு ஷிஃப்டர்.

கிளாக்கைத் தீர்மானிப்பது வேகம் அல்ல, காத்திருக்கும் நேரம்

ஒரு ஸ்ட்ரீம், 40 மெகாஹெர்ட்ஸ், 64-க்யூஏஎம், விகிதம் 5/6 என்றால் விநாடிக்கு 150 மெகாபிட். ஒரு ஓஎஃப்டிஎம் சின்னத்துக்கு (ஒரே வீச்சில் காற்றில் போகும் சிக்னல் துண்டு) 648 குறியீட்டு பிட், சின்னம் 3.6 மைக்ரோவிநாடி, ஆக மூன்று சின்னத்துக்கு ஒரு 1944 பிட் கோட்வேர்ட், 10.8 மைக்ரோவிநாடிக்கு ஒன்று. 79 கட்டங்களையும் ஒருமுறை கடப்பது ஒரு சுற்று; 10 சுற்று உச்சவரம்பு வைத்தால் 790 கிளாக். பைப்லைன் தாமதங்களைச் சேர்த்தால் சுமார் 900. இதைப் பார்த்து 83 மெகாஹெர்ட்ஸ் போதும் என்று முடிவு செய்தால் சிப் வேலை செய்யாது.

காரணம் சிஃப்ஸ், அதாவது ஃப்ரேமுக்கும் அதன் பதிலுக்கும் நடுவே வைஃபை விடும் இடைவெளி. கடைசிச் சின்னம் வந்து முடிந்த 16 மைக்ரோவிநாடிக்குள் பதில் ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புகை) காற்றில் கிளம்பிவிட வேண்டும். அதற்குள் எஃப்எஃப்டி, டீமேப்பர் (சிக்னலைப் பிட் மதிப்புகளாக்குவது), டிகோடர், எஃப்சிஎஸ் (ஃப்ரேமில் பிழை இருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்ப்பு, ஒலிபரப்புக்கு மாறுவது எல்லாம் முடிய வேண்டும். டிகோடருக்கு 10.8 மைக்ரோவிநாடியைக் கொடுக்க யாரும் ஒப்ப மாட்டார்கள். 4 முதல் 5 வரை கிடைத்தால் நல்லது. 900 கிளாக்கை 4.5 மைக்ரோவிநாடியில் முடிக்க 200 மெகாஹெர்ட்ஸ் வேண்டும்.

இதன் விளைவு முக்கியமானது. ஃப்ரேமின் நடுவே டிகோடர் பாதி நேரத்துக்கு மேல் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் கிளாக்கை மெதுவாக்கி மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். மின்னழுத்தம் மாறாமல் கிளாக்கை மட்டும் குறைத்தால் ஒரு பிட்டுக்கான ஆற்றல் குறையாது. வெளியே இருக்கும் ரெகுலேட்டர் மைக்ரோவிநாடிக் கணக்கில் அழுத்தத்தை மாற்றித் தராது. ஆகவே செய்ய வேண்டியது: 200 மெகாஹெர்ட்ஸ் மெதுவான கார்னரில் (சிப் மிக மெதுவாக ஓடும் நிலையில்) மயிரிழையில் தேறும் மிகக் குறைந்த அழுத்தத்தை நிலையாக வைப்பது, வேலையைச் சீக்கிரம் முடித்து கிளாக்கை மூலத்திலேயே அடைப்பது. 40 நானோமீட்டர் லோ பவரில் வழக்கமான 1.1 வோல்ட்டிலிருந்து 0.8-க்கு இறங்க முடிந்தால் ஸ்விட்சிங் ஆற்றல் 53 சதவீதமாகிவிடும். அந்த இறக்கத்துக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் எஸ்ரேம் (சிப்புக்குள் இருக்கும் மெமரி). அதைப் பிறகு பார்ப்போம்.

கணக்கு முறையும் பிட் அகலமும்

லேயர் முறையில் மூன்று மதிப்புகள் மட்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு "மொத்தம்" (சேனல் எல்எல்ஆரும், அதாவது பிட் 0-ஆ 1-ஆ என்று சிக்னல் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்ற எண்ணும், எல்லா செக் நோட் பதில்களும் சேர்ந்தது), ஒவ்வொரு செக் நோடும் கடைசியாகச் சொன்ன "பதில்", மொத்தத்திலிருந்து பழைய பதிலைக் கழித்தால் வரும் "மீதி". ஒரு லேயரில் நடப்பது:

1. மொத்தத்தைப் படி, சுழற்று, பழைய பதிலைக் கழி, மீதி கிடைக்கும்.
2. வரிசையில் உள்ள எல்லா மீதிகளின் அளவிலும் மிகச் சிறியது, அடுத்துச் சிறியது, சிறியது இருந்த இடம், எல்லாக் குறிகளின் பெருக்கல் ஆகியவற்றைக் கண்டுபிடி.
3. புதிய பதிலை உருவாக்கு. மீதியோடு கூட்டி மொத்தத்தில் எழுது.

எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இதற்குச் சுமார் பாதிச் சுற்றுகள் போதும். சேனல் எல்எல்ஆருக்குத் தனி மெமரியும் சுற்றுகள் முழுக்கத் தேவைப்படாது. மின்செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் வேறு முறையைத் தேடிப் போகக் காரணமே இல்லை.

தொடக்கத்துக்கு நல்ல அகலங்கள்: சேனலுக்கு 5 பிட் (குறி ஒன்று, அளவு நான்கு), பதிலுக்கு 5, மொத்தத்துக்கும் மீதிக்கும் 7. இவற்றிலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். ஆனால் ஒரு பிட் குறைத்த லாபத்தை கிளாக்குக்கு எவ்வளவு என்று அளக்காதீர்கள். திருத்தும் திறன் 0.1 டெசிபல் குறைந்தாலும் அதே சிக்னலில் சராசரிச் சுற்றுகள் கூடும். ஒரு கோட்வேர்டுக்கான ஆற்றல் ஏறிவிடக்கூடும். அளவுகோல் எப்போதும் சரியாகத் திருத்திக் கொடுத்த ஒரு பிட்டுக்கு எத்தனை பிக்கோஜூல் என்பதுதான்.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் நான்கு.

மீதி 7 பிட். செக் நோட் வாங்குவது அளவை 15-இல் நறுக்கிய 5 பிட். படி மூன்றில் கூட்ட வேண்டியது நறுக்காத 7 பிட் மீதியை. நறுக்கியதைக் கூட்டினால் ஒவ்வொரு லேயரிலும் மொத்தம் சுருங்கிக்கொண்டே போகும். சுற்று கூடும், பிழை விகித வளைவு கீழே இறங்காமல் தட்டையாகிவிடும்.

இரண்டின் நிரப்பி முறையில் 7 பிட் என்றால் −64 முதல் +63 வரை. −64-ஐ அனுமதிக்காதீர்கள், −63-இல் நிறுத்துங்கள். இல்லையென்றால் அளவு எடுக்கும் சுற்றுக்கு வீணாக ஒரு பிட் கூடும், அல்லது அது 0 ஆகி வலுவான பிட் ஒன்று திடீரென்று ஒன்றும் தெரியாத பிட்டாகிவிடும்.

மிகச் சிறிய அளவையே பதிலாக்கும் இந்தக் குறைந்தபட்ச முறை பதிலை மிகைப்படுத்தும் என்பதால் 0.75-ஆல் பெருக்குவது வழக்கம். "மதிப்பு கழித்தல் அதில் கால்" என்று எழுதுவதும் "அரை கூட்டல் கால்" என்று எழுதுவதும் முழு எண்களில் ஒன்றல்ல: 3 கொடுத்தால் முதலாவது 3 தரும், இரண்டாவது 1 தரும். சி மாடலில் ஒன்று, ஆர்டிஎல்லில் (வெரிலாக் விவரிப்பில்) இன்னொன்று இருந்தால் பிட்டுக்குப் பிட் ஒப்பீடு தவறும். இந்தச் சிறிய அகலத்தில் 1-ஐக் கழித்து 0-இல் நிறுத்தும் ஆஃப்செட் முறை இரண்டையும் விட எளிது, கேட்டும் குறைவு. எதுவானாலும் சிறியது, அடுத்துச் சிறியது ஆகிய இரண்டின் மேல் மட்டும் ஒருமுறை செய்து சேமியுங்கள். வெளியே போகும் 7 பதில்களுக்கும் தனித்தனியாகச் செய்வது வீண்.

நான்காவது டிகோடருக்கு வெளியே இருக்கிறது. டீமேப்பரின் பெருக்கம் தவறாக இருந்தால், ஒன்று எல்லா எல்எல்ஆரும் 15-இல் முட்டி நிற்கும், அல்லது 0, 1, 2 என்ற மூன்று மதிப்பிலேயே முடங்கும். இரண்டிலும் சுற்றுகள் கூடும். ஒவ்வொரு மாடுலேஷனுக்கும் வேலை செய்யும் சிக்னல் அளவில் ஹிஸ்டோகிராம் எடுத்துப் பாருங்கள். பெருக்கத்தை மாடுலேஷனுக்குத் தனியாக வையுங்கள்.

மெமரி: எங்கே எவ்வளவு

செக் நோட் பதில்களை ஒவ்வொன்றாகச் சேமிக்க வேண்டாம். ஒரு வரிசையின் எல்லாப் பதில்களுக்கும் அளவு இரண்டே: சிறியது இருந்த இடத்துக்கு அடுத்துச் சிறியது, மற்ற எல்லாவற்றுக்கும் சிறியது. ஆக வரிசைக்கு 4 + 4 + இடம் காட்டும் 5 பிட் = 13. குறிகள் தனி மெமரியில் இருக்கட்டும். விகிதத்துக்கு விகிதம் ஒரு வரிசையின் குறி எண்ணிக்கை 7-லிருந்து 20-க்கு மேல் வரை மாறுவதால் ஒன்றாக வைத்தால் வார்த்தை அகலம் வீணாகும்.

- மொத்தம்: 24 × 81 × 7 = 13,608 பிட்
- மீதி, லேயர் முடியும்வரை காத்திருக்க: 24 × 81 × 7 = 13,608
- பதில் அளவுகள்: 12 × 81 × 13 = 12,636
- பதில் குறிகள்: 88 × 81 = 7,128
- உள்ளே வரும் எல்எல்ஆர்: 24 × 81 × 5 = 9,720

கொள்ளளவு பரப்பைத்தான் சொல்கிறது. மின்செலவைச் சொல்வது நடமாட்டம். விகிதம் 1/2-இல் ஒரு சுற்றுக்கு மொத்த மெமரியில் 86 படிப்பு, 86 எழுத்து, ஒவ்வொன்றும் 567 பிட். ஆக 97,524 பிட். மீதி மெமரியிலும் அதே அளவு. பதில் மெமரியில் அளவுகளை லேயருக்கு ஒருமுறை படித்து ஒருமுறை எழுதினால் போதும்: 25,272. குறிகள் 13,932. சுருக்காமல் வைத்திருந்தால் பதிலுக்கு 69,660 ஆகியிருக்கும், இப்போது 39,204.

இந்தக் கணக்கைப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சுருக்கிய பிறகு பதில் மெமரியை இன்னும் கசக்குவதில் பயனில்லை. மொத்தம், மீதி இரண்டிலும்தான் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நடமாட்டம். அங்கே 7-ஐ 6 ஆக்க முடிந்தால் ஏழில் ஒரு பங்கு மிச்சம். விகிதம் 1/2-இல் சில பத்திகளில் 11 கட்டங்கள் இருப்பதால் 6 பிட் பெரும்பாலும் தாங்காது. 5/6-க்கு மட்டும் கடைசி பிட்டை அடைத்து ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள சோதனை.

அடுத்து எஸ்ரேமா, லாட்சா. 24 வார்த்தை ஆழமும் 567 பிட் அகலமும் கொண்ட எஸ்ரேம் மிக மோசமான வடிவம்: செல்களைவிடச் சுற்றியிருக்கும் சென்ஸ் ஆம்ப்ளிஃபயர்களும் டிரைவர்களுமே அதிகம் செலவழிக்கும். சாதாரண ஆறு டிரான்சிஸ்டர் எஸ்ரேம் லாஜிக் இறங்கும் அளவுக்கு அழுத்தத்தில் இறங்கவும் இறங்காது. ஸ்டாண்டர்ட் செல் லாட்சுகளால் கட்டிய வரிசை பிட்டுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் லாஜிக்கோடு சேர்ந்து அழுத்தம் இறங்கும், ஒரே கிளாக்கில் ஓர் இடத்தைப் படித்து இன்னோர் இடத்தில் எழுத விடும். இந்த அளவுக்கு லாட்ச்தான் சரி. எழுதும் சைகையை மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஐசிஜி (கிளாக்கைப் பாதுகாப்பாக அடைக்கும்) செல்லிலிருந்து எடுங்கள். வெறும் ஆண்ட் கேட்டிலிருந்து எடுத்தால் ஒரு கிளிட்ச் (கணநேர வீண் துடிப்பு) போதும், வார்த்தை அழிந்துவிடும். ஆர்டிஎல் சிமுலேஷனில் அது தெரியவும் தெரியாது.

மீதி மெமரியை ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஃபிஃபோவாக எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் 13,608 ஃப்ளாப்பும் ஒவ்வொரு கிளாக்கிலும் துடிக்கும். சுட்டி வைத்து எழுதினால் ஒரு வார்த்தை மட்டும் அசையும். டிகோடரில் ஒரே இடத்தில் கிடைக்கக்கூடிய பெரிய மிச்சங்களில் இது ஒன்று.

புதிய கோட்வேர்டைத் தொடங்கும்போது எல்எல்ஆர்களை மொத்த மெமரிக்கு நகலெடுக்காதீர்கள். பத்திக்கு ஒரு "தொட்டாயிற்று" பிட் வையுங்கள், மொத்தம் 24. பிட் 0 என்றால் உள்ளீட்டு மெமரியிலிருந்து படி, 1 என்றால் மொத்தத்திலிருந்து படி. முதல் சுற்று முடிவதற்குள் எல்லாப் பத்திகளும் தொடப்பட்டிருக்கும். உள்ளீட்டு மெமரி அடுத்த கோட்வேர்டுக்கு விடுதலை. அதேபோல் முதல் சுற்றில் பழைய பதில் 0 என்று ஓர் ஆண்ட் கேட்டால் கட்டாயப்படுத்துங்கள். பதில் மெமரியை அழிக்கவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம்.

ஷிஃப்டர் ஒன்று போதும்

படிக்கும்போது சுழற்றி, எழுதும்போது திருப்பிச் சுழற்றினால் இரண்டு ஷிஃப்டர் வேண்டும். 81 லேன் (தொகுதியின் பிட்டுக்கு ஒரு தடம்), 7 பிட், 7 நிலை என்று ஒவ்வொன்றிலும் 3,969 மக்ஸ் (இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்று). திருப்பிச் சுழற்றாமல் அப்படியே எழுதிவிடுங்கள். அடுத்த லேயரில் வித்தியாசத்துக்கு மட்டும் சுழற்றுங்கள். விகிதம் 1/2-இல் முதல் பத்திக்கு முதல் வரிசையில் 57, இரண்டாம் வரிசையில் 3. இரண்டாம் லேயரில் சுழற்ற வேண்டியது 3 − 57 = −54, அதாவது 81-ஐக் கூட்டி 27. ஐந்தாம் பத்தி 50-லிருந்து 0-க்கு: 31. ஒன்பதாம் பத்தி 50-லிருந்து 55-க்கு: 5.

இந்த வித்தியாசங்களை முன்கூட்டியே கணக்கிட்டு ரோமில் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். டிகோடர் எந்த லேயரிலும் நின்றுவிடலாம் என்பதால் வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு பத்தியும் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். 24 ஏழு பிட் ரெஜிஸ்டர்களும் ஒரு கழிப்பானும் வையுங்கள். புதிய கோட்வேர்டு தொடங்கும்போது எல்லாம் 0; முதல் தொடுதலில் முழுச் சுழற்சி தானாகவே வந்துவிடும். முடிவில் திருப்ப வேண்டியது தகவல் பத்திகளின் குறி பிட்டை மட்டும், 7 பிட்டையும் அல்ல.

தொகுதி அளவு 27 வரும்போது 54 லேன்கள் சும்மா இருக்கும். அவற்றின் உள்ளீட்டைப் பூஜ்யமாக்கினால் மட்டும் போதாது, அந்த லேன்களின் கிளாக்கையும் அடையுங்கள். ஷிஃப்டருக்கும் செக் நோடுக்கும் நடுவே ஒரு ரெஜிஸ்டர் கட்டாயம் வேண்டும்: ஏழு நிலை மக்ஸ் வழியே வெவ்வேறு நேரத்தில் வரும் சைகைகள் நேரே கழிப்பானிலும் ஒப்பீட்டிலும் பாய்ந்தால் கிளிட்ச் பெருகி, பயனுள்ள அசைவைவிட வீண் அசைவு அதிகமாகிவிடும்.

பத்திகளை எந்த வரிசையில் படிப்பது

அந்த ரெஜிஸ்டரால் தாமதம் கூடும், தாமதம் கூடினால் லேயர்களுக்கு நடுவே காத்திருப்பு வரும். முதல் லேயர் தொடும் பத்திகள் 1, 5, 7, 9, 11, 13, 14. இரண்டாம் லேயர் தொடுவது 1, 3, 5, 9, 10, 14, 15. பொதுவானவை 1, 5, 9, 14. முதல் லேயர் இவற்றை எழுதி முடிக்கும் முன் இரண்டாம் லேயர் படித்தால் பழைய மதிப்பில் கணக்குப் போட்டுவிடும். அது வெளிப்படையாக உடையாது. மெதுவாகத் திருத்தும், அவ்வளவுதான். சுற்று எண்ணிக்கை மாடலைவிட ஏன் அதிகம் என்று வாரக்கணக்கில் தேட வைக்கும் வகைப் பிழை.

முதல் லேயர் எழுதும் வரிசை 1, 5, 9, 14, 7, 11, 13 என்றும், இரண்டாம் லேயர் படிக்கும் வரிசை 3, 10, 15, 1, 5, 9, 14 என்றும் வையுங்கள். முதல் லேயரின் ஏழு படிப்பும் கிளாக் 0 முதல் 6 வரை. இரண்டாம் லேயர் 7, 8, 9-இல் பொதுவல்லாத மூன்றையும் படிக்கும். பத்தி 1 தேவைப்படுவது கிளாக் 10-இல்தான். கடைசிப் படிப்பிலிருந்து முதல் எழுத்து வரை தாமதம் 3 கிளாக் என்றால் பத்தி 1 கிளாக் 9-இல் எழுதப்பட்டிருக்கும், காத்திருப்பே இல்லை. தாமதம் 4 ஆனால் இந்த இடத்தில் ஒரு கிளாக் நிற்க வேண்டும். ஆகவே பைப்லைனை வெட்டும்போது 3 என்பதே எல்லை என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள், 0.8 வோல்ட்டில் 200 மெகாஹெர்ட்ஸ் அதற்குள் தேறவில்லை என்றால், நிலையைக் கூட்டிக் காத்திருப்பதா, அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவதா என்று ஆற்றல் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். நான்கு குறியீட்டு விகிதங்களுக்கும் லேயர் வரிசையையும் பத்தி வரிசையையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தேடிக் கொடுத்துவிடும். எழுதும் வரிசையும் படித்த வரிசையும் வேறாக இருப்பதால் மீதி மெமரியைப் பத்தி எண்ணால் சுட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது

இங்கேதான் பெரிய பணம் இருக்கிறது. உச்சவரம்பு 10 சுற்று என்றாலும் நல்ல சிக்னலில் பெரும்பாலான கோட்வேர்டுகள் இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். ஓடிக்கொண்டே சரிபார்க்கும் முறை மலிவானது: ஒவ்வொரு லேயர் எழுதும்போதும் புதிய குறிகளின் சமநிலையைப் பாருங்கள், 81 வரிசையும் 0 என்றால் எண்ணியை ஒன்று கூட்டுங்கள், இல்லையென்றால் 0-க்குத் திருப்புங்கள். எண்ணி லேயர் எண்ணிக்கையைத் தொட்டால் நிறுத்தலாம்.

இதில் ஒரு பொறி. நான்காம் லேயர் சரி என்று சொன்ன பிட்டை ஏழாம் லேயர் புரட்டியிருக்கலாம். அதனால் பழைய மொத்தத்தின் குறியையும் புதியதன் குறியையும் ஒப்பிட்டு, ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண்ணியை 0 ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் அரிதாகத் தவறான இடத்தில் நிற்கும். பிழை விகித வளைவில் அது எரர் ஃப்ளோர் (சிக்னல் கூடியும் பிழை குறையாத நிலை) போலவே காட்சி தரும், குறியீட்டின் மேல் பழி விழும்.

மறுபக்கம், தேறவே தேறாத கோட்வேர்டுகள். இவைதான் பத்துச் சுற்றையும் முழுதாகத் தின்றுவிட்டுக் குப்பைக்குப் போகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் தவறும் வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டி வையுங்கள்; நான்காம் சுற்றுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு சுற்றில் அது குறையவில்லை என்றால் கைவிடுங்கள். ஒரே சுற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள், இடையில் ஏறி பின்பு இறங்குவது சகஜம். இந்த நான்கும் இரண்டும் தொடக்கப் புள்ளிகள். விகிதத்துக்கு விகிதம் சிமுலேஷனில் சரிசெய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய மிச்சம் டிகோடருக்கு வெளியே, மேக் (ஃப்ரேம்களைக் கையாளும் அடுக்கு) குழுவோடு உட்கார்ந்து பேசினால் கிடைக்கும். ஒருங்கிணைக்காத ஃப்ரேமில் ஒரு கோட்வேர்டு தோற்றாலே எஃப்சிஎஸ் தவறும், மீதிக் கோட்வேர்டுகளைத் திருத்துவது வீண். முன்குறிப்பின் எச்டி சிக்னல் புலத்தில் அக்ரிகேஷன் பிட் (பல உட்ஃப்ரேம்கள் ஒன்றாக வருகின்றன என்பது) 1 என்றால் மட்டும் இந்தக் குறுக்குவழி கூடாது. மற்ற உட்ஃப்ரேம்கள் பிழைக்கலாம். முதல் கோட்வேர்டில் மேக் தலைப்பு வந்துவிடும்; நமக்கு இல்லாத ஃப்ரேம் என்று தெரிந்தால் மீதியை விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தலைப்பு இன்னும் எஃப்சிஎஸ் பார்க்காதது, அதன் கால அளவை நம்பி நாவ் (எவ்வளவு நேரம் அனுப்பாமல் காத்திருப்பது என்ற எண்ணி) அமைக்கக் கூடாது. கைவிட்டதைப் பிழை ஃப்ரேம் என்று கணக்கில் எழுதவும் கூடாது. 802.11ஏசி இந்தத் தேவையை உணர்ந்தே பார்ஷியல் ஏஐடியை (பெறுநரின் சுருக்க அடையாளம்) முன்குறிப்பில் வைத்தது.

வலுவான பிட்களை உறைய வைத்து அவற்றின் புதுப்பிப்பைத் தவிர்க்கும் உத்திகளும் உண்டு. 81 லேன் ஒன்றாக ஓடும் இந்த அமைப்பில் ஒரு வார்த்தையின் 81 பிட்டும் சேர்ந்து உறைவது எப்போதாவதுதான். சரிபார்க்கும் சுற்றின் செலவைக் கழித்தால் மிஞ்சுவது குறைவு. முதல் பதிப்பில் தொடாதீர்கள்.

கிளாக் கேட்டிங்கும் அளவீடும்

மேல்நிலையில் ஒரு ஐசிஜி முழு டிகோடருக்கும். அடுத்து தொகுதி அளவுக்கேற்ப 27 லேன் கொண்ட மூன்று குழுக்கள். அதற்குக் கீழே மெமரி வார்த்தைகள். செக் நோடில் ஒவ்வொரு லேனின் சிறியதுக்கும் தனி ஐசிஜி வைக்கச் சொல்லும் கருவியின் பேச்சைக் கேட்காதீர்கள்: எட்டு ஃப்ளாப்புக்குக் குறைவான குழுவில் லாபம் சந்தேகமே, 81 முறை பெருகும்போது கிளாக் மரம் கனத்துவிடும்.

பவர் அறிக்கையைக் கருவியின் இயல்பான டாகிள் (சைகை மாறும்) விகிதத்தில் எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. லேஅவுட்டுக்குப் பிறகான நெட்லிஸ்டை, தாமதங்களோடு, உண்மையான இரைச்சல் கலந்த கோட்வேர்டுகளில் ஓட்டி எஸ்ஏஐஎஃப் (சைகைகள் எத்தனை முறை மாறின என்ற பதிவு) எடுங்கள். குறைந்தது மூன்று சிக்னல் அளவில்: நன்றாகத் தேறும் இடம், பாக்கெட் பிழை 10 சதவீதத்தில் நிற்கும் இடம், எதுவும் தேறாத இடம். கோட்வேர்டுகளுக்கு நடுவே இருக்கும் காத்திருப்பையும் சேர்த்து எடுங்கள். கசிவு மின்சாரமும் கிளாக் மரத்தின் அடிப்பகுதியும் அங்கேதான் தெரியும்.

சரிபார்ப்பில் ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும். மென்பொருள் சிமுலேஷனில் எல்லாம் 0 ஆன கோட்வேர்டை அனுப்புவது வழக்கம், என்கோடர் எழுத வேண்டிய வேலை மிச்சம். வன்பொருளுக்கு அது நஞ்சு. சுழற்சி அட்டவணையில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தால் கிடைப்பது வேறொரு எல்டிபிசி குறியீடு. எல்லாம் 0 அதிலும் செல்லுபடியான கோட்வேர்டுதான். டிகோடர் அழகாகத் திருத்திக் காட்டும், வளைவுகூட ஏறக்குறைய சரியாகவே வரும், உண்மையான ரூட்டரோடு பேசும்போது ஒரு பாக்கெட்டும் தேறாது. குறிகள் எல்லாம் நேர்மறையாகவே இருப்பதால் பவர் எண்ணும் பொய்யாகக் குறையும். தற்போக்குத் தகவலை என்கோட் செய்து அனுப்புங்கள். மூன்று நீளம், நான்கு விகிதம் என்று பன்னிரண்டு சேர்க்கையிலும், சுற்றின் நடுவே நிற்கும் கோட்வேர்டுகளையும், 1944-லிருந்து 648-க்கு உடனே மாறும் வரிசையையும் சேர்த்து. அப்படி மாறும்போது முந்தைய கோட்வேர்டின் 24 சுழற்சி ரெஜிஸ்டரில் ஒன்று 0 ஆகாமல் 27-க்கு மேல் ஒரு மதிப்போடு நின்றால், கழிப்பான் ஒருமுறை 27-ஐக் கூட்டினாலும் எதிர்ம எண்ணே வரக்கூடும். அந்தப் பத்தி முழுவதும் தவறான இடத்தில் உட்காரும்.